பாரசீக இளவரசன்: வீழ்ச்சியின் விலையும் ஆடுநர் தீர்ப்பும்

முன்னுரை

ஒரு கலைப்படைப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதனைப் படைத்தோர் கூற்றையே பெரிதும் சான்றாகக் கொள்வர். நுகர்ந்தோர் கூற்று அத்துணை மதிப்புப் பெறுவதில்லை. அது பல குரலாய் ஒலிப்பது, ஒன்றோடொன்று முரணுவது, நாளுக்கு ஒரு வகையாய் மாறுவது என்பன அதன்மேற் சொல்லப்படும் குறைகள். இக்குறைகள் ஓரளவு உண்மையே. ஆயினும் நுகர்வோர் கைபடாமல் நிகழவே இயலாத கலைகளும் உள. காண்போர் கண்ணயர்ந்தாலும் கூத்தன் தன் கூத்தை ஆடி முடிப்பான். கணிப்பொறி விளையாட்டோ, ஆடுபவர் ஒருவர் விசையை அழுத்தினாலன்றி ஓரடியும் நகராது. ஆகவே அவ்விளையாட்டின் வரலாற்றுக்கு ஆடுநர் கருத்தைப் புறச்சான்று என்று ஒதுக்குதல் பொருந்தாது. அதனை அகச்சான்றாகவே கொள்ளல் வேண்டும்.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது 'பாரசீக இளவரசன்' என்று பொருள்படும் 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' என்னும் விளையாட்டு வரிசை. 1989-ஆம் ஆண்டு தோன்றி 2024 வரை பல வடிவங்களில் வெளிவந்த இவ்வரிசையின் தலைமகன் கழைக்கூத்தரைப் போலத் தாவியும், சுவரின்மேல் ஓடியும், விளிம்பைப் பற்றித் தொங்கியும் செல்பவன். வாட்போரும் புதிர்களும் இடையிடையே வரினும் தாவலே இவ்விளையாட்டின் உயிர். தாவல் உள்ள இடத்தில் வீழ்ச்சியும் உண்டு. தலைமகன் தவறி விழுந்தால் ஆடுபவர் இழப்பது யாது என்னும் வினாவுக்கு ஒவ்வொரு படைப்பும் ஒவ்வொரு விடை தந்தது. ஒவ்வொரு விடையைக் குறித்தும் ஆடுநரிடையே வாதம் எழுந்தது. அவ்வாதங்கள் தோற்றத்தைப் பற்றியும் இசையைப் பற்றியும் கடுமையைப் பற்றியும் அமைந்தனபோல் காணப்படினும், அவற்றுள் இன்றியமையாதவை வீழ்ச்சியின் விலையைப் பற்றியனவே என்பதை நிறுவுதல் நம் நோக்கமாகும்.

1. முதல் நூலின் தோற்றம்

இவ்விளையாட்டை இயற்றியவர் அமெரிக்கராகிய ஜார்டன் மெக்னர். 1964-இல் நியூயார்க்கிற் பிறந்த இவர், யேல் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த காலத்திலேயே 'கராத்தேகா' என்னும் விளையாட்டை ஆக்கி, 1984-இல் புரோடர்பண்டு நிறுவனத்தின் வாயிலாக வெளியிட்டுப் புகழ் பெற்றவர். அடுத்த படைப்புக்கு அவர் அரேபிய இரவுக் கதைகளின் சூழலைத் தேர்ந்தார்.

மாந்தர் உடல் மெய்யாகவே இயங்குவதுபோல் திரையில் இயங்க வேண்டும் என்பது மெக்னரின் வேட்கை. அதன்பொருட்டு 1985-இல் தம் இளவலாகிய டேவிட்டுக்கு வெண்ணிற ஆடை அணிவித்து, ஓடவும் தாவவும் சுவர்ப்பற்றி ஏறவும் செய்து நிகழ்படக் கருவியிற் பதிவுசெய்தார். பின்பு அப்பதிவைத் திரையில் நிறுத்தி நிறுத்தி நிழற்படம் எடுத்து, உருவின் புறவரையை மையாற் குறித்து, அவ்வரைவுகளைக் கணிப்பொறியிற் சேர்த்தார். வாட்போருக்கு 1938-இல் வெளிவந்த 'ராபின் ஹூட்' திரைப்படத்தில் இருவர் பக்கவாட்டாக நின்று பொருதும் சில நொடிக் காட்சி உதவிற்று. இம்முறையால், அக்கால விளையாட்டுகளில் காணப்பட்ட பொம்மை அசைவு நீங்கி, எடையும் மூச்சும் உடைய ஓர் உடல் திரையில் தோன்றிற்று.

இதன் விளைவு பெரிது. எடையுள்ள உடல் விழுந்தால் அவ்வீழ்ச்சி காண்பவரை வருத்தும். அதுகாறும் திரையில் ஒரு புள்ளியுரு மறைவது கணக்கில் ஓர் எண் குறைவதற்கு ஒப்பாக இருந்தது. இங்கோ, ஓடிவந்த இளைஞன் ஒருவன் கூர்முனைகளின்மேல் வீழ்ந்து கிடத்தலைக் கண்டனர். இயக்கத்தின் மெய்ம்மை மரணத்தையும் மெய்ம்மையாக்கிற்று. இதனை ஆடுநர் நினைவுகள் பலவும் ஒருமுகமாகக் கூறுகின்றன.

நிழலுருவின் கதை இவ்விடத்துக் குறிக்கத்தக்கது. மெக்னரின் முதல் திட்டத்தில் வாட்போர் இல்லை. உடனிருந்த தோழி ஒருவர் அதனை ஒரு குறையாக எடுத்துக்காட்டிப் பலகாலும் வற்புறுத்தினார். ஆயினும் ஆப்பிள் கணிப்பொறியின் நினைவகத்தில் பகைவனுக்கென வேறோர் உருவத்தைச் சேர்க்க இடமில்லை. இளவரசனின் வரைவுகளையே சிறிது விலக்கி, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு கணக்கிட்டபோது நிழல்போன்ற ஓர் உரு கிடைத்தது. நான்காம் கட்டத்தில் இளவரசன் நிலைக்கண்ணாடி ஒன்றைப் பிளந்து தாவ, அவனினின்று பிரிந்து அந்நிழல் ஓடுகின்றது. பன்னிரண்டாம் கட்டத்தில் இருவரும் எதிர்ப்படுகின்றனர். நிழலை வெட்டினால் வெட்டு தன்மேலும் படுகின்றது. வாளை உறையிலிட்டு அதனை நோக்கி நடந்தாலன்றி வழி இல்லை. இடநெருக்கடியிற் பிறந்த இவ்வுத்தியே பிற்காலத்தார் மிகுதியும் பாராட்டும் பகுதியாயிற்று.

2. முதல் ஆட்டத்தின் நீதி

1989-ஆம் ஆண்டு ஆப்பிள் 2 கணிப்பொறிக்கென முதலில் வெளிவந்த வடிவத்தின் விதிகளைச் சுருங்கக் கூறுவோம். சுல்தான் போர்மேற் சென்றிருக்க, அமைச்சன் ஜாஃபர் அரசைக் கவர்கின்றான். தன்னை மணக்க இசைதல், அன்றேல் மாளுதல் என இளவரசிக்கு ஒரு நாழிகைக் கண்ணாடி அளவு தவணை தருகின்றான். தலைமகன் நிலவறையினின்று புறப்பட்டு 12 கட்டங்களைக் கடந்து அவளை மீட்கக் கிடைப்பது 60 நிமிடம். தொடக்கத்தில் அவனுக்கு உயிரலகு மூன்று. ஒரு மாடி உயரத்தினின்று விழுந்தால் ஊறில்லை. இரண்டு மாடியினின்று விழுந்தால் ஓர் அலகு குறையும். மூன்று மாடியாயின் இறப்பான்.

இறந்தபின் அக்கட்டத்தின் தொடக்கத்தினின்று மீண்டும் ஆடலாம். எத்தனை முறை இறப்பினும் அவ்வாறு ஆடத் தடையில்லை. ஆனால் 60 நிமிடக் கடிகாரம் மட்டும் பின்செல்வதில்லை. உயிர்கள் எண்ணற்றன, காலமோ ஒன்றே. வீழ்ச்சியின் விலை உயிரிற் கொள்ளப்படாமல் காலத்திற் கொள்ளப்பட்டது என்பது இவ்விதியின் நுட்பம்.

ஆடுநர் கருத்து இவ்விதியைக் குறித்து இருவகைப்பட்டது. ஒரு சாரார் இதனைக் கொடுமை என்றனர். பதினோராம் கட்டம்வரை வந்து, காலம் போதாமையால் முயற்சி முழுதும் வீணாதலை அவர் பொறுத்திலர். மற்றொரு சாரார், இவ்விதியே தம்மை நடக்கக் கற்பித்தது என்றனர். ஓடுதல் ஒருவகை, அடிமேல் அடிவைத்து விளிம்புவரை செல்லுதல் மற்றொரு வகை. கூர்முனைத் தளத்தை ஓடிக் கடப்பவன் மாள்வான். மெல்ல நடப்பவன் பிழைப்பான். எங்கே விரைதல் வேண்டும், எங்கே அமைதல் வேண்டும் என்னும் தேர்ச்சி காலக்கெடுவினாலேயே வந்தது என்பது இவர் கொள்கை.

இவ்விரு கருத்தும் முரண்போல் தோன்றினும் அடிப்படையில் ஒன்றே என்பது நம் துணிபு. விலை மிகுதி என்பார் முதற்சாரார். விலைக்கேற்ற பொருள் கிடைத்தது என்பார் இரண்டாஞ்சாரார். விலையே கூடாது என்பார் இருதிறத்தும் இலர்.

3. பாடவேறுபாடுகளும் ஒரு தோல்வியும்

தரமும் விற்பனையும் உடன்செல்லும் என்று கருதுதல் பிழை என்பதற்கு இவ்விளையாட்டு நல்ல சான்று. 1989-இல் ஆப்பிள் 2 கணிப்பொறியின் காலம் முடியும் தறுவாயில் இருந்தது. ஆகலின் மதிப்புரைகள் பாராட்டியும் முதல் வடிவம் அமெரிக்காவில் மிகுதியாக விற்கவில்லை. பிற கணிப்பொறிகளுக்கெனப் பெயர்த்தமைத்த வடிவங்களே ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இதனைப் பரப்பின.

அவ்வடிவங்களிடையே காணும் வேற்றுமை, ஏட்டுச்சுவடிகளின் பாடவேறுபாட்டை ஆராய்ந்து பழகியோர்க்குப் புதிதன்று. 1992-இல் சூப்பர் நிண்டெண்டோ கருவிக்கென அமைந்த வடிவத்தில் கட்டங்கள் 12 அல்ல, 20. காலமும் 60 நிமிடம் அன்று, 120. இதனை முதலில் ஆடியவர்க்கு 'இளவரசன்' என்பது ஓரளவு வேறு நூலே. ஆகவே ஆடுநர் ஒருவர் 'கடினம்' என்றோ 'எளிது' என்றோ கூறுங்கால், அவர் எப்பாடத்தை ஆடினார் என்று அறிந்த பின்னரே அக்கூற்றை ஏற்றல் தகும்.

1993-இல் 'நிழலும் சுடரும்' என்னும் இரண்டாம் விளையாட்டு வந்தது. 1999-இல் முப்பரிமாண வடிவம் ஒன்று வெளியாயிற்று. அது ஆடுநரால் பெரிதும் புறக்கணிக்கப்பட்டது. குறைகளைக் களையாமல் விரைந்து வெளியிடப்பட்டமையும், காட்சிக்கோணம் அடிக்கடி வழிமறைத்தமையும், இயக்கம் மந்தமாக இருந்தமையும் அவர்தம் முறையீடுகள். இம்முறையீடுகளுள் ஒரு நீதி உளது. முதல் விளையாட்டில் விழுந்தவர் தம்மையே நொந்துகொண்டனர். இதிலோ கருவியை நொந்துகொண்டனர். தம் பிழைக்கு விலை கொடுக்க ஆடுநர் இசைவர். பிறர் பிழைக்குக் கொடுக்க இசையார். வீழ்ச்சியின் விலை செல்லுபடியாவதற்கு வீழ்ச்சி ஆடுபவருடையதாக இருத்தல் முதல் நியதி என்பது இத்தோல்வியால் பெறப்படும்.

4. மணற்காலம்

2001-இல் இவ்வரிசையின் உரிமை பிரெஞ்சு நிறுவனமாகிய யூபிசாஃப்டின் கைக்கு வந்தது. அதன் மாண்ட்ரியால் கூடத்தில் பாட்ரிஸ் தெசிலே என்பார் இயக்க, மெக்னரே கதை அமைக்க, 2003-இல் 'காலத்தின் மணல்' வெளிவந்தது. இளவரசன் இந்திய மகாராசா ஒருவரின் அரண்மனையைத் தன் தந்தையின் படையோடு சூறையாடி, ஒரு குறுவாளைக் கவர்கின்றான். பின்பு சூழ்ச்சிக்கு ஆட்பட்டு, பெரிய மணற்கண்ணாடி ஒன்றை அவ்வாளால் திறக்க, மாந்தர் அனைவரும் மணற்பேய்கள் ஆகின்றனர். எஞ்சியோர் அவனும், மகாராசாவின் மகள் ஃபாராவும், சூழ்ச்சி செய்த அமைச்சனுமே.

குறுவாளுக்கு ஓர் ஆற்றல் உண்டு. தவறி விழுந்தால் ஒரு விசையை அழுத்திக் காலத்தைச் சில நொடி பின்னோக்கிச் செலுத்தலாம். விழுந்தவன் மேலெழுந்து, தாவிய விளிம்பிற்கே வந்து நிற்பான். 1989-இல் காலம் ஒருபோதும் திரும்பவில்லை. 2003-இல் அது திரும்பிற்று. இரு விளையாட்டுகளும் காலத்தையே விலையாகக் கொண்டன எனினும், முன்னதில் காலம் ஆளும் இறை. பின்னதில் அது கையிலுள்ள காசு.

காசு எனக் கூறியதற்குக் காரணம் உண்டு. பின்செலுத்தல் வரம்பற்ற கொடை அன்று. ஒவ்வொரு முறையும் வாளிலுள்ள மணல் குறையும். பகைவரை வீழ்த்தி அவர் மணலைக் கவர்ந்தே அதனை நிரப்ப வேண்டும். மணல் இல்லாதவன் விழுந்தால் இறப்பான். அவ்வாறு இறக்குங்கால், கதையைச் சொல்லிவரும் இளவரசனின் குரலே, அங்ஙனம் நிகழவில்லை, தான் தவறிக் கூறிவிட்டதாகத் தன்னைத் திருத்திக்கொள்ளும். வேறு விளையாட்டுகளில் மரணம் கதைக்குப் புறம்பான ஒன்று; ஈண்டு அது கதைசொல்லியின் நாத்தவறாய்க் கதைக்குள்ளேயே அடங்கிற்று. ஆடுநர் இதனைப் பெரிதும் விரும்பினர்.

இவ்விளையாட்டின் முடிவு இன்னும் ஆழமானது. ஃபாரா மாண்டபின் இளவரசன் மணற்கண்ணாடியையே மூடி, காலம் முழுவதையும் படையெடுப்பிற்கு முந்திய இரவுவரை பின்செலுத்துகின்றான். அனைவரும் பிழைக்கின்றனர். ஆனால் ஃபாராவுக்கு அவனைத் தெரியாது. அவளோடு கொண்ட அன்பு அவன் நினைவில் மட்டும் நிற்கின்றது. சிறு வீழ்ச்சிகளை மணலால் ஈடுசெய்து பழகிய ஆடுபவர், பெருவீழ்ச்சியை ஈடுசெய்தற்குத் தனிமையை விலையாகத் தரவேண்டும் என்று இறுதியில் அறிகின்றார். விளையாட்டு விதியும் கதைப்பொருளும் இவ்வாறு ஒன்றாதலே இப்படைப்பின் பெருமை.

குறை கூறினோரும் இருந்தனர். வாட்போர் ஒரே வகையாய் நீள்கின்றது என்பது அவர் கூறியவற்றுள் தலையாயது. தாவலையும் பின்செலுத்தலையும் புகழ்ந்தோரே இக்குறையையும் கூறினர். இந்த முறையீடு அடுத்த படைப்பின் போக்கைத் திருப்பியது. ஆகவே இதனை நினைவிற் கொள்க.

5. இருளும் மீட்சியும்

2004-இன் இறுதியில் வெளிவந்த 'உள்ளுறை வீரன்' முந்தையதன் சாயலையே மாற்றிற்று. மென்மையும் நகையும் உடைய இளவரசன் சினமும் வன்சொல்லும் உடையவன் ஆனான். குருதி மிகுந்தது, 'காட்ஸ்மாக்' குழுவின் முழக்க இசை சேர்ந்தது. வாட்போர் பலவகையாய் விரிந்தது. போர் ஒரேவகை என்று முறையிட்டோர்க்கு இதனில் விடை கிடைத்தது. ஆனால் முன்னதை நேசித்தோருள் ஒரு பெரும்பகுதியினர் இது தம் இளவரசன் அன்று என்றனர். இவ்வடிவத்தில் பங்குபெறாத மெக்னரும் 2005-இல் ஒரு பேட்டியில், இதன் கலைப்போக்கும் வன்முறையும் தமக்கு உவப்பானவை அல்ல என்று வெளிப்படையாகவே கூறினார்.

இப்பகுதியில் ஆய்வாளர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். 2004-இல் எழுந்த கருத்துகளை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்வோர், ஆடுநர் இவ்விளையாட்டை வெறுத்தனர் என முடிப்பர். பின்னாளில் நினைவுகூர்வோர் கூற்றை மட்டும் கொள்வோர், வரிசையிலேயே இதுவே வலியது என்பாரும் உளர் எனக் காண்பர். இருவகைச் சான்றும் மெய். வேறுபாடு எதனால் வந்தது?

கதையின் உள்ளீட்டை நோக்கினால் விடை புலனாகும். காலத்தைப் பின்செலுத்தித் தன் மரணத்தைத் தப்பியமையால் இளவரசனை 'தஹாக்கா' என்னும் கொடும்பேய் துரத்துகின்றது. அதுவே காலத்தின் காவலன். அது தோன்றும்போது எதிர்த்து நிற்க இயலாது. ஓடுதலும் தாவுதலுமே வழி. அஃதாவது, முன்னைய விளையாட்டில் வாங்கிய கடனுக்கு இவ்விளையாட்டில் கடன்காரன் வருகின்றான். வெளித்தோற்றத்தால் முன்னதற்கு முற்றும் மாறாகிய இப்படைப்பே பொருளால் அதன் நேர்த் தொடர்ச்சி. வெளிவந்தபோது ஆடுநர் கண்ணிற் பட்டது தோற்றம். ஆண்டுகள் சென்றபின் நினைவில் நின்றது அத்துரத்தல். வெறுத்தோரும் பாராட்டினோரும் வெவ்வேறு பகுதியைக் கண்டு கூறினரேயன்றி ஒன்றையே கண்டு முரணவில்லை.

2005-இல் வந்த 'இரு அரியணைகள்' இரு சாரார்க்கும் இணக்கம் காண முயன்றது. களம் பாபிலோன், ஃபாரா மீண்டும் வருகின்றாள், பழைய இளவரசனின் குரல் திரும்புகின்றது. ஆயினும் அவனுள்ளே இருண்ட இளவரசன் ஒருவன் குடிபுகுந்திருக்கின்றான். அவ்வுருவம் எடுத்த பொழுதெல்லாம் ஆற்றல் மிகும்; உயிரோ இடையறாது கசியும்; மணலை எடுத்துக்கொண்டே சென்றாலன்றிப் பிழைத்தல் இல்லை. முதல் விளையாட்டின் நிழல் ஈண்டு உடலினுள் வந்தது என்னலாம். இறுதியில் அவனை வெல்லும் வழியும் பழைய வழியே: போரை விட்டு அகலுதல்.

6. எலிக்காவின் கை

2008-இன் இறுதியில், பழைய கதையைத் துறந்து, 'பாரசீக இளவரசன்' என்னும் வெறும் பெயரோடு புதியதொரு விளையாட்டு வெளிவந்தது. சித்திரம் போன்ற வண்ணத்தோற்றம் உடையது. ஒர்மஸ்து, அஹ்ரிமன் என்னும் பண்டைப் பாரசீகச் சமயத்தின் ஒளி இருள் தெய்வங்களைக் கதைக்கு முதலாகக் கொண்டது. தலைமகனுடன் எலிக்கா என்னும் இளவரசி எப்போதும் வருகின்றாள். அவன் விழுந்தால் அவள் கைநீட்டிப் பற்றி, இறுதியாக நின்ற திண்ணிய தளத்தில் விடுகின்றாள். போரிற் பகைவன் கொல்லும் தறுவாயிலும் அவளே காக்கின்றாள். அவ்வேளை பகைவன் இழந்த வலிமையைச் சிறிது மீளப்பெறுவான். சாவு என்பதே ஆட்டத்தில் இல்லை.

இவ்வரிசையின் வரலாற்றில் இதனைப் போல் வாதத்தை எழுப்பிய விதி பிறிதில்லை. 'இறக்க முடியாத விளையாட்டில் அச்சம் எங்ஙனம் பிறக்கும்?' என்பது ஆடுநருள் ஒரு சாரார் கேள்வி. மற்றொரு சாரார் விடை கணக்குப் போன்றது: பிற விளையாட்டுகளில் இறந்தவர் என்ன செய்கின்றார்? சிறிது நேரம் காத்திருந்து, முன் பதிவான இடத்தினின்று மீண்டும் ஆடுகின்றார். எலிக்காவின் கையும் அதனையே செய்கின்றது. காத்திருக்கும் நேரமும் சலிப்பும் மட்டும் இல்லை. ஆகவே மாற்றம் பெயரளவினதே என்பது அவர் வாதம்.

இவ்விடை தருக்கநெறியில் குறையற்றது. ஆயினும் முதற்சாராரை அது அமைதிப்படுத்தவில்லை. ஏன்? முன்னைய விளையாட்டுகளில் ஈடாகத் தரப்பட்ட பொருள் ஆடுபவருடையது. 1989-இல் அவர் காலத்தைத் தந்தார். 2003-இல் தாம் ஈட்டிய மணலைத் தந்தார். 2008-இலோ, மீட்பவள் பிறள். மீட்கும் ஆற்றலும் அவளுடையது. அது குறைவதும் இல்லை, தேய்வதும் இல்லை. ஈண்டு ஆடுபவர்க்கு வருத்தம் தந்தது எளிமை அன்று. கொடுப்பதற்குத் தம்மிடம் ஒன்றும் இல்லாமையே. மன்னிப்பை ஆடுநர் வெறுக்கவில்லை. தம் கைப்பொருளால் பெறாத மன்னிப்பை அவர் தம்முடையதாகக் கருதவில்லை.

இனி, இப்படைப்பின் முடிவைக் காண்போம். எலிக்கா முன்னரே ஒருமுறை இறந்து, தந்தை அஹ்ரிமனுடன் செய்த உடன்படிக்கையால் உயிர்பெற்றவள். அத்தெய்வத்தை மீளச் சிறையிடுதற்கு அவள் தன் உயிரைத் தருகின்றாள். படைத்தோர் பெயர்ப்பட்டியல் திரையில் ஓடத் தொடங்குகின்றது. ஆயினும் ஆட்டம் முடியவில்லை. இளவரசன் அவள் உடலைச் சுமந்து செல்கின்றான், அதுகாறும் பாடுபட்டுக் காத்த மரங்களை ஒவ்வொன்றாக வெட்டுகின்றான், அவள் உயிர்க்கின்றாள், அஹ்ரிமன் விடுபடுகின்றான். இவற்றை ஆடுபவரே தம் விரலால் செய்தல் வேண்டும். வேறு முடிவு இல்லை. மறுப்போர் பொறியை நிறுத்துதல் ஒன்றே செய்யலாம்.

ஆட்டம் முழுதும் எலிக்கா அவனை எண்ணற்ற முறை மீட்டாள். அதற்கெல்லாம் விலை கேட்கப்படவில்லை. இறுதியில் அவன் அவளை ஒருமுறை மீட்கின்றான், உலகமே விலையாகின்றது. கேட்கப்படாத கடன் முழுதும் ஒரே வேளையில் தண்டப்பட்டது என்று இதனைக் கொள்ளல் பொருந்தும். இம்முடிவை வரிசையிலேயே துணிவுடையது என்று போற்றினோரும், தம் உழைப்பைத் தம் கையாலேயே அழிப்பித்த கொடுமை என்று வைதோரும் உளர். 2009-இல் இக்கதையின் தொடர்ச்சி தனியே விலைக்கு வந்தது. அது மேசைக்கணிப்பொறிக்கு வெளியிடப்படாமையால் அவ்வகை ஆடுநர்க்குக் கதை நடுவிலேயே நின்றது. அவர்தம் மனக்குறை விளையாட்டு விதியைப் பற்றியது அன்று. எனினும் மொத்தத் தீர்ப்பில் அது கலந்துவிட்டது. ஆராய்வோர் இதனைப் பிரித்தறிதல் வேண்டும்.

7. பிற்கால நிலை

2010-இல் இதே பெயரால் திரைப்படம் ஒன்று வெளிவந்தது. அவ்வாண்டே வந்த 'மறந்த மணல்' என்னும் விளையாட்டில் காலத்தைப் பின்செலுத்தும் ஆற்றல் திரும்பவும் வைக்கப்பட்டது. எலிக்காவின் கை தொடரவில்லை. ஆடுநர் தீர்ப்பு எங்குச் சாய்ந்தது என்பதற்கு இதனை ஓர் அடையாளமாகக் கொள்ளலாம்.

இதனிடையே ஆடுநர் கருத்து சொல்லளவில் நில்லாது செயலாகவும் வெளிப்பட்டது. முதல் விளையாட்டுக்குப் புதிய கட்டங்கள் வகுக்கும் கருவிகளை ஆடுநரே ஆக்கினர். 2011-இல் ஆர்வலர் ஒருவர், உரிய காலத்தில் பெயர்க்கப்படாத கமடோர் 64 கணிப்பொறிக்கு அதனைத் தம் உழைப்பால் பெயர்த்தமைத்தார். 2012-இல் தொலைந்ததாகக் கருதப்பட்ட மூலநிரல் அடங்கிய தட்டுகள் மெக்னரின் தந்தையார் இல்லத்திற் கிடைத்தன. பழைய தட்டுகளைப் படிக்கவல்லோர் துணையால் அந்நிரல் மீட்கப்பட்டு, யாவரும் பார்க்க வெளியிடப்பட்டது. செல்லரித்த ஏடுகளினின்று நூல் மீட்டோர் வரலாற்றை அறிந்த நமக்கு இச்செய்தியின் அருமை விளக்க வேண்டுவதில்லை. நுகர்ந்து மறக்கும் பொருளுக்கு ஒருவரும் இத்தகைய பணி செய்யார். இருபது ஆண்டுகட்குப் பின்னும் ஆடுநர் செய்த இப்பணி, முதல் விளையாட்டின் கடுமையைக் குறித்த பழைய வழக்கிற்கு அவர் தந்த இறுதித் தீர்ப்பு எனலாம்.

2020-இல் 'காலத்தின் மணல்' மறுவடிவம் பெறும் என்றும், யூபிசாஃப்டின் புனே, மும்பைக் கூடங்கள் அதனை ஆக்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. முன்காட்சியின் தோற்றத்தை ஆடுநர் கடுமையாகக் குறை கூறினர், வெளியீடு தள்ளிப்போயிற்று, 2022-இல் அப்பணி மாண்ட்ரியாலுக்கு மாற்றப்பட்டது. ஆடுநர் கருத்தின் வலிமைக்கு இஃது எடுத்துக்காட்டாயினும், தோற்றத்தை மட்டும் கண்டு, ஆடாமலே எழுந்த கருத்து இஃது என்பதையும் மறத்தல் கூடாது.

2024-ஆம் ஆண்டு சனவரியில் பிரான்சு நாட்டு மாண்ட்பெலியே கூடத்தினின்று 'தொலைந்த மணிமுடி' வெளிவந்தது. சார்கோன் என்னும் வீரன் காஃப் மலையில் இளவரசனைத் தேடிச் செல்லும் கதை இது. பாரசீக மொழியிலேயே முழு உரையாடலும் கேட்கும் வாய்ப்பு இவ்வரிசையில் முதன்முறையாக இதனில் அமைந்தது. 35 ஆண்டுகளாகப் பெயரளவில் மட்டும் இருந்த பாரசீகம் அன்றே நாவிற்கு வந்தது. வீழ்ச்சியைப் பொறுத்தவரை, முட்களின்மேல் விழுந்தவன் உயிரிற் சிறிது இழந்து அண்மைத் தளத்திற்கு வருவான். முற்றும் இழந்தால் 'வாக்வாக்' மரத்தடியினின்று தொடங்குவான். இதற்குமேல், ஊறின் அளவைக் கூட்டிக் குறைக்கவும், அரிய தாவல்களைக் கடந்து செல்ல வழி திறந்துகொள்ளவும் ஆடுபவர்க்கே உரிமை தரப்பட்டது. வீழ்ச்சியின் விலையைக் குறிக்கும் அதிகாரம் படைத்தோர் கையினின்று ஆடுபவர் கைக்கு வந்தது. இப்படைப்பையும் திறனாய்வாளர் பெரிதும் பாராட்டினர்; விற்பனையோ நிறுவனம் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை; அவ்வாண்டின் இறுதிக்குள் ஆக்கிய குழு கலைக்கப்பட்டது. 1989-இல் தொடங்கிய பழைய கதையே இது: மதிப்பு வேறு, விற்பனை வேறு.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படும் முடிவுகள் மூன்று. முதலாவது, ஆடுநர் கருத்து முரண்பட்டது என்று தள்ளத்தக்கதன்று. எவ்வடிவத்தை ஆடினார், எப்போது கூறினார், ஆடிக் கூறினாரா கண்டு கூறினாரா எனப் பகுத்து நோக்கின் முரண்களுட் பல நீங்கும். இரண்டாவது, அக்கருத்துகளின் அடியில் ஒரு நிலைத்த நீதியுணர்வு உளது. பிழை தமதாயிருத்தல் வேண்டும். அதற்கு ஈடும் தம் பொருளாயிருத்தல் வேண்டும் என்பதே அது. 1999-ஆம் ஆண்டின் வடிவம் முதற்பகுதியில் தவறிற்று. 2008-ஆம் ஆண்டின் வடிவம் இரண்டாம் பகுதியில் தவறியதாக ஆடுநருள் ஒரு சாரார் கருதினர். இரண்டும் பொருந்திய 2003-ஆம் ஆண்டின் வடிவத்தை அவர் போற்றினர்.

மூன்றாவது முடிவு சிறிது தயக்கத்தோடு கூறற்பாலது. 2024-இல் விலையைக் குறிக்கும் உரிமை ஆடுபவர்க்கே கிடைத்தது. விரல் தளர்ந்த முதியோரும், உடற்குறை உடையோரும், ஓய்வு சிறிதே உடையோரும் இதனால் பயன்பெற்றனர். இந்நன்மையை எவரும் மறுத்தற்கில்லை. ஆயினும் தாமே குறித்த விலையைத் தாமே செலுத்துவோர், விலை கொடுத்ததாக உணர்வரோ என்னும் ஐயம் எஞ்சுகின்றது. அதற்கு விடை படைத்தோர் கூற்றில் இல்லை. நாம் கருதிக் கூறுவதிலும் இல்லை. 60 நிமிடக் கடிகாரத்தின் கடுமைக்கு ஆடுநர் தீர்ப்பு முழுமையாய் வருதற்கு இருபது ஆண்டு சென்றது. இதற்கும் அவ்வாறே காத்திருத்தல் வரலாற்று மாணவர் கடன்.